வீடு செக் பண்ண ஆள் கூட்டிட்டு வர்ற பார்ட்டிகிட்ட முன்னாடியே என்ன சொல்லி வைக்கறது?

பாறைக்காரன் (கொழிஞ்சாம்பாறை):

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் இந்தக் கேரள பார்டர் லைன்ல பதினோரு வருசமா எடம், வீடு பேசி முடிச்சுக் குடுக்கறேன். பாதி பார்ட்டி பொள்ளாச்சி, கோயமுத்தூர்ல இருந்து வர்றவங்கதான். முன்னெல்லாம் வீடு பாக்க வந்தாங்கன்னா கூட ஒரு மாமா வருவாரு, அவரு மேஸ்திரி வேலை பாத்தவரா இருப்பாரு, சுவத்த ரெண்டு தட்டு தட்டுவாரு, கெணத்த எட்டிப் பாப்பாரு, வாசல் எந்தத் திசைன்னு கேப்பாரு, "செரி, பேசுங்க"ம்பாரு. முடிஞ்சுது. இப்ப அப்படி இல்லீங்க. இன்ஸ்பெக்சன்னு சொல்லி கோயமுத்தூர்ல இருந்து ஆள் வருது, கையில ஈரம் பாக்கற மிஷினு, சூடு பாக்கற கேமரா, லேசரு, எல்லாம் கொண்டு வர்றாங்க. தப்புன்னு சொல்லல. ஆனா மூணு மாசத்துல ரெண்டு வியாபாரம் இதனால கையவிட்டுப் போச்சு.

கடைசியா நடந்தத சொல்றேன். 9 சென்ட், 1650 சதுர அடி, பன்னெண்டு வருச வீடு, ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்களோடது. அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்த புருசன் பொண்டாட்டி, ரெண்டு தடவ வந்து பாத்து புடிச்சுப்போய், 58 லட்சத்துக்குப் பேசி, அம்பதாயிரம் டோக்கனும் குடுத்துட்டாங்க. அப்புறம் இன்ஸ்பெக்சன். அந்தப் பையன் வந்து மரக்குச்சி வச்சு ஒவ்வொரு டைல்ஸா தட்டிட்டே போறான், டீச்சரம்மா பின்னாடியே போறாங்க, அவங்களுக்கு மூஞ்சி மாறிட்டே வருது, கடைசில "எங்க வீட்டுத் தர என்ன தேங்காயாப்பா, இப்படித் தட்டித் தட்டிப் பாக்கற"ன்னு கேட்டே போட்டாங்க. பார்ட்டி அன்னைக்கு வரவே இல்ல, சென்னைக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. மூணாம் நாள் ரிப்போர்ட் போனுக்கு வந்துச்சு, 46 பக்கம், 61 ஐட்டம், பாதி செகப்பு எழுத்து. ராத்திரி பத்தர மணிக்கு அந்த அம்மா போன் பண்ணுது, "அண்ணா, பெட்ரூம் ஜன்னல் மூலைல இருந்து வெடிப்பு போகுதாமே, வீடு இடிஞ்சு விழுந்துருமா?"ன்னு. நான் என்னத்தச் சொல்ல, அந்த வெடிப்பு நாலு வருசமா அங்கதான் இருக்கு, டீச்சரம்மா அதுக்கு நேரா காலண்டர் மாட்டி வச்சிருந்தாங்க, நானும் அதப் பத்தி வாயத் தொறக்கல, அது என் தப்புதான் ஒத்துக்கறேன்.

வேண்டாம்னுட்டாங்க. டோக்கன் திருப்பி வாங்கிக் குடுக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு பக்கமும் பேச்சு. ஒரு மாசம் கழிச்சு அதே வீட்ட உடுமலை பார்ட்டி ஒருத்தரு கெணத்து தண்ணிய மட்டும் குடிச்சுப் பாத்துட்டு 57க்கு வாங்கிட்டாரு, அது வேற கதை.

இப்ப அடுத்த மாசம் இன்னொரு பார்ட்டி இதே மாதிரி ஆள் கூட்டிட்டு வர்றாங்க. நான் கேக்கறது இதுதான். செக் பண்ண ஆள் வர்றதுக்கு முன்னாடி வாங்கறவங்ககிட்ட என்ன சொல்லி வைக்கணும், விக்கறவங்ககிட்ட என்ன சொல்லணும், ஆள நானே சொல்லி விடலாமா கூடாதா. இந்த வேலையில இருக்கறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

———

கரிசல்மண் இஞ்சினியர் (பொள்ளாச்சி):

அண்ணா, நான் அந்த மரக்குச்சி கோஷ்டிதான், அந்தப் பையன் நான் இல்ல, பயப்படாதீங்க 😀

மொதல்ல அந்த 61. அது ஒண்ணும் பெரிய நம்பர் இல்லீங்ணா. நான் கட்டிக் குடியிருக்கற என் வீட்டையே நான் செக் பண்ணா நாப்பது ஐட்டம் வரும். ஒரு சுவிட்ச் லூசா இருந்தாலும் ஒரு ஐட்டம், ஜன்னல் கொக்கி இல்லைன்னாலும் ஒரு ஐட்டம், சன்ஷேடுல கம்பி துருப்புடிச்சு வெளிய தெரிஞ்சாலும் ஒரே ஒரு ஐட்டம்தான். எழுதறப்ப எல்லாத்துக்கும் ஒரே சைஸ் போட்டோ வச்சு எழுதறோம், அதான் படிக்கறவங்களுக்கு எல்லாமே ஒரே சைஸ் ஆபத்தாத் தெரியுது. இதப் பார்ட்டிகிட்ட நீங்க முன்னாடியே வாய்விட்டு சொல்லணும். "அம்மா, லிஸ்ட் நீளமா வரும், அம்பதுக்கு மேல வரும், புது வீட்டுக்கே முப்பது வரும், இது பாஸ் ஃபெயில் பரீட்சை இல்ல"ன்னு. முன்னாடி சொன்னா அது தகவல், ரிப்போர்ட் வந்ததுக்கப்புறம் சொன்னா புரோக்கர் சமாளிக்கறான்னு ஆயிரும்.

ரெண்டாவது, அவங்க நேர்ல இருக்கணும். இது ரொம்ப முக்கியம், கல்யாணம் காதுகுத்து எதுவா இருந்தாலும் நாள மாத்திக்கலாம். மூணு மணி நேரம் ஆகும், மொத்தமும் நிக்க வேண்டாம், கடைசி ஒரு மணி நேரம் வந்தாப் போதும், நாங்களே கூட்டிட்டுப் போய் கை வச்சுக் காட்டிருவோம். ஜன்னல் மூலை வெடிப்ப போட்டோல ஜூம் பண்ணிப் பாத்தா மலைப் பள்ளம் மாதிரி இருக்கும், நேர்ல பாத்தா ஏடிஎம் கார்டு கூட உள்ள போகாது. கார்டு நுழையாத வெடிப்புன்னா பொதுவா பூச்சு வேலையோட போயிரும், தாராளமா நுழைஞ்சுதுன்னா நின்னு யோசிக்கணும்.

இப்ப உங்க ஊர் விசயம். கேரளாவுலயே கரிசல் மண் இருக்கறது உங்க சித்தூர் தாலுகா பக்கம் மட்டும்தான். கரிசல் மண்ணு மழைல ஊறி உப்பும், கோடைல காஞ்சு சுருங்கும், மேல ஒக்காந்திருக்கற வீடும் கூடவே மூச்சு விடும். அஸ்திவாரம் ஆழமா போகாம மேலாக்குல நின்ன பழைய வீடுகள்ல ஜன்னல் மூலை, கதவு மூலைல இருந்து சாய்வா வெடிப்பு வரும். ஏப்ரல் மே மாசம் விரிஞ்சு தெரியும், மழை புடிச்சதும் மூடிக்கும். அதனால வெடிப்ப மட்டும் பாத்துட்டு பயப்படவும் வேண்டாம், வெடிப்பு இல்லைன்னு சந்தோசப்படவும் வேண்டாம், வருசா வருசம் பெருசாகுதா, ஒரே எடத்துல நின்னு போச்சா, அதுதான் கேள்வி.

அதுக்கு ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. வெடிப்புக்குக் குறுக்க ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்டு, விரல் நீளம் இருந்தாப் போதும், ரெண்டு முனையையும் அரால்டைட் வச்சு ஒட்டி, பக்கத்துல பென்சில்ல தேதி எழுதி விட்டுருங்க. பெயிண்டு மேல ஒட்டக் கூடாது, சொரண்டி பூச்சு மேல ஒட்டணும். சுவரு நகந்துச்சுன்னா கண்ணாடி ஒடஞ்சுரும். டீச்சரம்மா காலண்டருக்குப் பதிலா நாலு வருசம் முன்னாடி ஒரு கண்ணாடி ஒட்டியிருந்தாங்கன்னா, நீங்க அத முழுசாக் காட்டியே 58க்கு முடிச்சிருக்கலாம்.

நாங்க என்ன பாக்க மாட்டோம்னும் சொல்லிருங்க. சுவத்துக்குள்ள போற பைப்பு, மண்ணுக்கடியில இருக்கற அஸ்திவாரம், கான்கிரீட்டுக்குள்ள கம்பி எப்படி இருக்குங்கறது இதெல்லாம் ஒடைக்காமத் தெரியாது, அடுத்தவங்க வீட்ட நாங்க ஒடைக்கவும் மாட்டோம். கண்ணுக்குத் தெரியறது, மிஷினுக்குத் தெரியறது, அவ்வளவுதான். பாத்ரூம்ல தண்ணி கட்டி 24 மணி நேரம் விட்டு கீழ சீலிங்ல ஈரம் எறங்குதான்னு பாக்கற டெஸ்டு வேணும்னா அதுக்கு தனியா சொல்லணும், வீட்டுக்காரங்களும் ஒத்துக்கணும்.

தண்ணி டெஸ்டு தனி, அத மட்டும் விடவே விடாதீங்க. கெணத்து தண்ணிய குடிச்சுப் பாத்து வாங்கினார்னு சொன்னீங்க பாருங்க, அதான் எனக்கு பகீர்னுச்சு. உங்க பக்கம் போர் தண்ணில ஃபுளோரைடு அதிகம் இருக்கற எடங்க உண்டு, அதுக்கு ருசியும் கெடையாது வாசனையும் கெடையாது. குடிதண்ணிக்கு ஐஎஸ் 10500ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும். டிடிஎஸ் மீட்டர் வச்சு நம்பர் காட்டறாங்களே, அது உப்பு எவ்வளவுன்னுதான் காட்டும், ஃபுளோரைடு இருக்கா இல்லையான்னு காட்டாது. ஒரு பாட்டில் தண்ணி லேப்ல குடுத்தா சில நாள்ல ரிசல்ட் வந்துரும்.

கடைசியா எங்களுக்காக ஒரு வேண்டுகோள். வர்ற அன்னைக்கு வீட்டுல கரெண்ட் இருக்கணும், மேல டேங்க் நிறைய தண்ணி இருக்கணும், எல்லா ரூம் சாவியும் இருக்கணும், மொட்டை மாடிக்குப் போக வழி இருக்கணும். போன வாரம் ஒரு வீட்டுல ஃபியூஸ் கட்டைய புடுங்கி வச்சிருந்தாங்க, பூட்டிக் கெடந்த வீடு. முப்பது மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதான் ஷாக் அடிச்சா கரெண்ட கட் பண்ற சுவிட்ச், டிரிப் ஆகுதான்னு நான் எதுல பாக்கறது? "செக் பண்ண முடியல"ன்னு எழுதுனேன், பார்ட்டி அதப் படிச்சுட்டு எதையோ மறைக்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க. ஏணியும் வேணும்ணா. ஸ்கூட்டர்ல ஏணி கொண்டு வர முடியாது.

———

ஏமாந்தவன்2:

புரோக்கருங்க எல்லாம் இப்ப இன்ஸ்பெக்சன் பத்தி கவலைப்படறீங்களா, நல்லா இருக்கு.

எனக்கு நடந்தது சொல்றேன், யாரு என்னன்னு பேர் சொல்ல விரும்பல. நான் திருப்பூர், சித்தூர் பக்கம் 12 சென்ட்ல வீடு வாங்குனேன், ஏப்ரல் மாசம். புரோக்கரே ஆள் கூட்டிட்டு வந்தாரு, "நம்ம பையன்தாங்க, ஃபீஸ் கூட கம்மியா வாங்குவான்"ன்னு. மூணு பக்கம் ரிப்போர்ட், எல்லா ரூமுக்கும் "குட்", "குட்", "குட்". வீடு பூரா புதுப் பெயிண்டு வாசனை, எனக்கு அப்பவே உறைக்கணும், உறைக்கல, பொண்டாட்டி கூட சொன்னா, மேக்கு சுவத்துல மட்டும் எதுக்கு ரெண்டு கோட்டு அடிச்ச மாதிரி இருக்குன்னு, நான்தான் உனக்கு எப்பவும் சந்தேகம்னு சொல்லி வாய மூட வச்சேன், இன்னைக்கு வரைக்கும் அதுக்கு வாங்கிக் கட்டிக்கறேன். ஜூன் ரெண்டாவது வாரம் மழை ஆரம்பிச்சுது. மேக்கால இருந்து காத்தோட சாத்துச்சு பாருங்க, பத்தே நாள்ல அந்த மேக்கு சுவத்துப் பெயிண்டு அப்படியே தோலு உரிஞ்ச மாதிரி தொங்குது, கட்டில நடு ரூமுக்கு இழுத்துப் போட்டுத் தூங்குனோம்.

அது கூடப் பரவால்ல, பூசிக்கலாம். இன்னொண்ணு கேளுங்க. பின்னாடி மிச்சம் இருக்கற எடத்துல ஒரு ரூம் எடுக்கலாம்னு போனப்பதான் தெரியுது, 12 சென்ட்ல நாலு சென்ட் வில்லேஜ் ஆபீஸ் ரெக்கார்டுல "நிலம்"னு கெடக்கு. ஆதாரத்துலயும் (பத்திரத்துக்கு அங்க அதான் பேரு) அப்படித்தான் போட்டிருக்கு, எனக்கு ஒருத்தர் படிச்சும் காட்டுனாரு. நமக்கு நிலம்னா நிலம்தானே? கேரளாவுல நிலம்னா நெல்லு வயலாமுங்க! வீடு கட்டற எடத்துக்கு பேரு புரயிடம். அது வயல்னா வீடு கட்டறதுக்கு 2008ல வந்த சட்டம் ஒண்ணு குறுக்க நிக்குது, டேட்டா பேங்க்னு வயல் லிஸ்ட் ஒண்ணு, அதுல இருக்கா இல்லையா, ரெவின்யூ ஆர்டிஓ ஆபீஸ்ல தரம் மாத்த விண்ணப்பம் குடுன்னு இன்னும் அலஞ்சுட்டு இருக்கேன்.

இதுல எந்த மிஷினு வந்து என்ன பிரயோஜனம். பார்ட்டிய தயார் பண்றேன்னு சொல்றவங்க மொதல்ல இந்த ஒரு வார்த்தைய தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்களுக்கு சொல்லிக் குடுங்க. உங்க "நம்ம பையன" வீட்லயே விட்டுட்டு வாங்க.

———

பாறைக்காரன்:

அண்ணா கோவப்படறதுல நியாயம் இருக்குங்க. நிலம் புரயிடம் விசயம் நான் ஒவ்வொரு பார்ட்டிக்கும் சொல்றேன், அதுல தப்பு பண்றதில்ல, கரம், அதான் நிலவரி, கட்டுன ரசீதுல பாத்து காட்டிருவேன். ஆனா ஆள நான் சொல்லி விடக்கூடாதுங்கறது இப்ப நல்லாப் புரியுது. அப்ப பார்ட்டி "எங்களுக்கு யாரையும் தெரியாது, நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டா என்ன பண்றது?

———

டல்லாஸ் மாப்ள (சொந்த ஊர் மீனாட்சிபுரம்):

நம்ம ஊர் பேச்ச பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு. நான் டெக்சாஸ்ல பதினாறு வருசமா இருக்கேன், என் வீட்டம்மா இங்க லைசன்ஸ் வாங்குன ரியல் எஸ்டேட் ஏஜெண்ட், அதனால சாப்பாட்டு மேசைல தெனமும் இந்தக் கதைதான்.

கடைசிக் கேள்விக்கு மொதல்ல. இங்க ஏஜெண்ட் ஒரு பேர் சொல்ல மாட்டாங்க, மூணு நாலு பேர் இருக்கற லிஸ்ட குடுத்து, "நீங்களே பேசிப் பாத்து எடுத்துக்குங்க, லிஸ்ட்ல இல்லாத ஆளையும் கூட்டிட்டு வரலாம்"ன்னு சொல்லிருவாங்க. வீடு வாங்கறவங்களே பில்ல நேரா கட்டணும், ஏஜெண்ட் கை வழியாப் போகக் கூடாது. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா "உன் ஆளு"ன்னு பேச்சு வராது பாருங்க. இன்ஸ்பெக்டரும் தான் கண்டுபுடிச்ச ரிப்பேர தானே செஞ்சு காசு பாக்கக் கூடாதுன்னு அவங்க சங்கங்கள்லயே நெறிமுறை இருக்கு, இல்லைன்னா இல்லாத ஓட்டையெல்லாம் கண்டுபுடிப்பான்ல.

அமெரிக்கால இருந்து வந்த பார்ட்டி ஏன் அப்படி பயந்தாங்கன்னும் எனக்குப் புரியுது. இங்க டெக்சாஸ்ல ஆப்சன் பீரியடுன்னு ஒண்ணு உண்டு. விலை பேசி கையெழுத்து போட்டதுக்கப்புறம், ஒரு சின்னத் தொகை ஆப்சன் ஃபீஸா கட்டிட்டா, பேசி வச்ச அந்த சில நாளுக்குள்ள, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளு, எந்தக் காரணமும் சொல்லாம விலகிக்கலாம். ஃபீஸ் போகும், அட்வான்ஸ் திரும்ப வந்துரும். இன்ஸ்பெக்சன் அந்த நாளுக்குள்ள நடக்கும். அதனால இங்க ரிப்போர்ட் வர்றப்ப ஜனங்க மனசு ஏற்கனவே "இது பேரம் பேசறதுக்கான நேரம்"னு தயாரா இருக்கும். நம்ம ஊருல டோக்கன் குடுத்தாச்சுன்னா வாக்கு குடுத்த மாதிரி, பின்வாங்கினா ஊர் பேசும், அந்த பயத்துலதான் ராத்திரி பத்தர மணிக்கு போன் வருது. டோக்கன் எழுதறப்பவே "செக் பண்ணிட்டு இத்தன நாளுக்குள்ள வேண்டாம்னா டோக்கன் முழுசா திரும்பக் குடுக்கப்படும்"னு ஒரு வரி போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்க. அந்த ஒரு வரி இருந்திருந்தா உங்களுக்கு ரெண்டு பக்கமும் பேச்சு விழுந்திருக்காது.

ரிப்போர்ட்டும் இங்க ஸ்டேட் கமிஷன் குடுத்த ஃபார்மேட்டுதான். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நாலு கட்டம், பாத்தாச்சு, பாக்கல, அப்படி ஒண்ணு இந்த வீட்டுல இல்ல, குறை இருக்கு. பொள்ளாச்சி இஞ்சினியர் சொன்ன "செக் பண்ண முடியல"ங்கறதுக்கு இங்க தனிக் கட்டமே இருக்கு, அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. இன்ஸ்பெக்சன் அப்ப வீட்டுக்காரங்க வீட்டுல இருக்க மாட்டாங்க, வெளிய போயிருவாங்க, டீச்சரம்மா கதைய வீட்டம்மாகிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு "அதுக்குத்தான்"னா.

இன்னொரு வேடிக்கை, டல்லாஸும் கரிசல் பூமிதான். இங்கயும் அதே கதை, கோடைல மண்ணு சுருங்கி வீடு வெடிக்கும். நாங்க கோடை பூரா செடிக்கு விடற மாதிரி வீட்டு அஸ்திவாரத்தச் சுத்தி ஓட்டைக் குழாய் போட்டு சொட்டுச் சொட்டா தண்ணி விடுவோம், மண்ணு ஒரேயடியா காஞ்சுறக் கூடாதுன்னு. மொத வருசம் என் மாமனாரு வந்தப்ப "வீட்டுக்கா தண்ணி ஊத்தற, பயித்தியமா"ன்னு கேட்டாரு.

———

சித்தூர் அக்கா:

தம்பி, நான் உன்னவிட பத்து வருசம் கூட இந்த வேலையில இருக்கேன், பொம்பள புரோக்கர்னு ஒரு காலத்துல சிரிச்சவங்க எல்லாம் இப்ப என்கிட்டதான் வீடு குடுக்கறாங்க. இஞ்சினியர் தம்பி, டல்லாஸ் மாப்ள எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருக்காங்க, நான் என் பழக்கத்த சொல்றேன்.

செக் பண்ண ஆள் வர்றதுக்கு முந்தின நாளு நான் பார்ட்டிய மட்டும் தனியா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். அப்ப நல்லதக் காட்ட மாட்டேன். மொத தடவ வந்தப்பவே நல்லதெல்லாம் காட்டியாச்சு. இந்தா இங்க வெடிப்பு, இந்தா சமையக்கட்டு சின்க் கீழ ஒழுகுது, பாத்ரூம் கதவு அடியில செதல் அரிச்சிருக்கு, சன்ஷேடுல கம்பி தெரியுது, எனக்குத் தெரிஞ்சது அத்தனையும் காட்டிருவேன். காலண்டர எல்லாம் நானே கழட்டி வச்சுருவேன். பேப்பர்ல பாக்கறதுக்கு முன்னாடி அவங்க அத சுவத்துல பாத்திரணும் தம்பி. நாளைக்கு ரிப்போர்ட்ல அதே வெடிப்பு செகப்பு எழுத்துல வந்துச்சுன்னா, "ஆமா, இத அந்தக்கா அன்னைக்கே காட்டுச்சே"ன்னு போயிட்டே இருப்பாங்க. புதுசா ரெண்டு மூணு வந்தா அத மட்டும் பேசுவாங்க. வெறும் அஞ்சு காட்டுனாலும் போதும், அவங்களுக்கு நம்ம மேல ஒரு நம்பிக்கை வந்துரும், அது 46 பக்கத்துக்கும் தாங்கும்.

அப்புறம் டீ குடிக்கறப்ப ஒரு கேள்வி கேப்பேன். "என்ன ஒண்ணு இருந்தா இந்த வீடு வேண்டவே வேண்டாம்னுருவீங்க?" ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு இருக்கும். ஒரு அம்மாவுக்கு தண்ணி, ஒருத்தருக்கு செதல், ஒருத்தரு செப்டிக் டேங்கும் கெணறும் பக்கத்துல இருந்தா வேண்டாம்பாரு. அத எழுதி அவங்க கையிலயே குடுத்துருவேன், நாளைக்கு ஆள் வர்றப்ப இத மொதல்ல பாக்கச் சொல்லுங்கன்னு. செக் பண்றவனுக்கும் எங்க நேரம் செலவு பண்ணணும்னு தெரியும். ரிப்போர்ட் வந்ததும் அந்த ஒண்ண மொதல்ல தேடி எடுத்துப் படிக்கச் சொல்லுவேன், அது நல்லா இருந்துச்சுன்னா பாதி பயம் அங்கயே எறங்கிரும்.

விக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், புதுப் பெயிண்டு அடிக்காதீங்க. ஏமாந்தவன் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு சரி, பெயிண்டு வாசனை வந்தாலே இப்ப சந்தேகம் வந்துருது. அந்தக் காச எடுத்து எலக்ட்ரீசியனக் கூப்புட்டு எர்த்து சரி பண்ணுங்க, ஒழுகற டேப்ப மாத்துங்க. ஐட்டம் எண்ணிக்கை கொறஞ்சுரும். அப்புறம் அன்னைக்கு காலைல கோயிலுக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ போயிட்டு மத்தியானம் வரச் சொல்லிருவேன். சொந்த வீட்ட அடுத்தவன் தட்டிப் பாக்கறத நின்னு பாக்க முடியாதுப்பா யாராலயும். நானே என் வீட்ட வித்தப்ப அழுதுட்டேன்.

ரிப்போர்ட்ட அப்படியே கொண்டு போய் விக்கறவங்ககிட்ட நீட்டாத. 61ல மூணு எடு. காசு செலவாகறது, உசுருக்கு ஆபத்தானது, அவ்வளவுதான். எர்த்து இல்ல, மாடி ஒழுகுது, சன்ஷேடு விழப் போகுது. இந்த மூணுக்கும் மேஸ்திரியும் எலக்ட்ரீசியனும் பாத்து சொன்ன ரேட்டோட போ. "இதுக்கு இவ்வளவு ஆகும், சரி பண்ணித் தர்றீங்களா, வெலைல கழிக்கறீங்களா"ன்னு கேளு. ஜன்னல் கொக்கிக்கெல்லாம் பேரம் பேசுனா விக்கறவங்களுக்கு ரோசம் வந்துரும்.

———

வக்கீல் குமாஸ்தா (பாலக்காடு):

எல்லாரும் வெடிப்பு பத்தியே பேசறீங்க, சட்டத்துல இருக்கறதையும் சொல்லிட்டுப் போறேன். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவு, விக்கறவருக்குத் தெரிஞ்சு வாங்கறவருக்குத் தெரியாத, சாதாரணமா பாத்தாக் கண்டுபுடிக்க முடியாத பெரிய குறை இருந்தா, விக்கறவரு அதச் சொல்லியே ஆகணும். சொத்துல இருந்தாலும் சரி, உரிமையில இருந்தாலும் சரி. கண்ணுக்கு நேரா தெரியற குறைய வாங்கறவருதான் பாத்துக்கணும். காலண்டர் மாட்டி மறைச்சது இதுல எந்தப் பக்கம் வரும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

பில்டர்கிட்ட புதுசா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு ப்ராஜெக்ட்ல வாங்குனா கட்டுமானக் குறைக்கு சாவி வாங்குன நாள்ல இருந்து அஞ்சு வருசம் பில்டர் பொறுப்பு, 2016 சட்டம் 14வது பிரிவு. நீங்க பேசற பழைய வீட்டுக்கு அந்த அஞ்சு வருசம் கெடைக்காது. அந்த மாதிரி ப்ராஜெக்ட் விக்கற புரோக்கரும் ரெராவுல பதிவு பண்ணியிருக்கணும், பாறைக்காரருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன்.

பத்திரம் பாக்கறவங்களுக்கு ஒண்ணு, சித்தூர் அந்தக் காலத்துல கொச்சி ராஜ்யத்துல இருந்த ஊரு, பழைய ஆதாரம் பூரா மலையாளம்தான். மலையாளம் படிக்கத் தெரிஞ்ச ஆள் பத்தாது, ஆதாரம் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நாலு சென்ட் நிலம் ஆனது அப்படித்தான்.

———

ஏமாந்தவன்2:

எனக்கு "படிச்சுக் காட்டுனவரு" ஒரு டிரைவரு. இப்ப சந்தோசமா?

———

பாறைக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க. அப்டேட் சொல்றேன். அடுத்த மாச பார்ட்டி இந்த ஞாயித்துக்கிழமையே வர்றேன்னுட்டாங்க. கோபாலபுரம் ரோட்டுல 7 சென்ட், ஓட்டு வீட்ட இடிச்சுட்டுக் கட்டுனது, எட்டு வருசம். நேத்து சித்தூர் அக்கா சொன்ன மாதிரி அவங்கள மட்டும் கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தெரிஞ்ச ஆறு குறைய காட்டுனேன், உள்ளுக்குள்ள ஒதறலாத்தான் இருந்துச்சு, இத்தன வருசத்துல குறைய நானே காட்டி வீடு வித்ததில்ல. அவரு ஒண்ணும் பேசல, மாடிப்படிக்குக் கீழ இருந்த வெடிப்புல அவரே ஏடிஎம் கார்ட எடுத்து சொருகிப் பாத்தாரு, போகல. நான் இங்க நடந்த பேச்சு எதையும் அவருகிட்ட சொல்லல, அவருக்கா தோணியிருக்கு. அந்த அம்மாவோட ஒண்ணே ஒண்ணு தண்ணிதான். பாட்டில்ல புடிச்சு அவங்களே லேபுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

வெடிப்புக்கு வீட்டுக்காரர்கிட்ட கேட்டு கண்ணாடி ஒட்டியாச்சு, தேதியும் எழுதியாச்சு. நாலு நாள்ல ஒண்ணும் தெரியப் போறதில்ல, ஆனா அவங்க வாங்குனா அவங்களுக்கு ஆகும், வாங்கலைன்னா அடுத்த பார்ட்டிக்கு ஆகும். ஆள் லிஸ்ட் மூணு பேர் குடுத்தேன், அவங்க நாலாவதா வேற ஒருத்தர புடிச்சிருக்காங்க. டோக்கன் சீட்டுல பத்து நாள்னு ஒரு வரி போட்டு ரெண்டு கையெழுத்தும் வாங்கிட்டேன், வீட்டுக்காரரு "இதென்னப்பா புதுப் பழக்கம்"னாரு, செரி போட்டுக்கன்னுட்டாரு.

இப்ப ஒரே ஒரு பிரச்சினை. வர்ற ஆளு பன்னெண்டு அடி ஏணி வேணுங்கறாரு. எங்ககிட்ட இருக்கறது தென்னைக்கு வைக்கற மூங்கில் ஏணி, அதுல ஏற மாட்டாராம். கொழிஞ்சாம்பாறை பக்கம் யாருகிட்டயாச்சும் அலுமினிய ஏணி இருக்குங்களா?

———

கரிசல்மண் இஞ்சினியர் (பொள்ளாச்சி):

என்கிட்ட ஒண்ணு இருக்குங்ணா, கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்துல தம்பி கடைல சாத்தி வச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு மேல வந்து எடுத்துக்குங்க. சாயங்காலம் திருப்பி வந்துரணும், திங்கக்கிழமை எனக்கு வேலந்தாவளத்துல ஒரு வீடு இருக்கு.